படத்துக்குக் கீழே ஒரு பெயர்

2025 மே 23-ஆம் தேதி பாரிஸில் செபஸ்தியோ சல்காடோ இறந்தார். வயது 81. பிரேசிலில் பிறந்து உலகம் முழுக்கச் சுற்றிப் படம் எடுத்த ஆவணப் புகைப்படக் கலைஞர். அவரைப் பற்றி அப்போது நான் வாசித்த அஞ்சலிக் குறிப்புகள் எல்லாவற்றிலும் ஒரே கதை தவறாமல் வந்தது. பொருளாதாரம் படித்தவர். லண்டனில் சர்வதேசக் காப்பி அமைப்பில் நல்ல வேலையில் இருந்தவர். வேலை விஷயமாக ஆப்பிரிக்கா போனபோது மனைவி லேலியாவின் கேமராவையும் கையோடு கொண்டுபோனார். அறிக்கை எழுதுவதைவிடப் படம் எடுப்பதே தனக்குப் பிடித்திருக்கிறது என்பது அங்கே தெரிந்தது. 1973-இல், தனது 29-ஆவது வயதில், வேலையை விட்டார்.

எனக்கு இப்போது 28. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் முடித்துவிட்டு கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறேன். என் வயது நண்பர்களில் பாதிப் பேரிடம் நல்ல கேமரா இருக்கிறது, மீதிப் பேரிடம் நல்ல கேமரா உள்ள கைபேசி இருக்கிறது. எல்லாருக்கும் ஒரு கனவு: வேலையை விட்டுட்டு, பையைத் தூக்கிக்கிட்டு, ஊர் ஊராகப் போய் மனிதர்களைப் படம் எடுப்பது. அவர்களுக்குச் சல்காடோவின் கதை ஒரு தைரிய டானிக். "இருபத்தொன்பது வயசு. நமக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு" என்று ஒருவன் வாட்சாப்பில் போட்டிருந்தான்.

இந்தக் கதையில் எல்லாரும் கேட்கும் கேள்வி, வேலையை விடும் தைரியம் நமக்கு உண்டா என்பதுதான். ஆனால் அது புகைப்படக்காரரைப் பற்றிய கேள்வி மட்டுமே. படத்துக்குள் நிற்கும் ஆளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஒருவர் நாடு நாடாகப் போய் தன் தொழிலில் மேலே ஏறுகிறார். ஒவ்வொரு படிக்கட்டிலும் வேறு யாரோ ஒருவரின் மிக மோசமான நாள் இருக்கிறது. படம் எடுத்தவர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார், எடுக்கப்பட்டவர் அங்கேயே இருக்கிறார். அவருக்கு இந்தப் பாதையில் என்ன பங்கு? என்னை உறுத்துவது இதுதான்.

முதலில் அந்தப் பாதை எப்படி அமைந்தது என்று பார்ப்போம். வேலையை விட்ட உடனே சல்காடோ பெரிய கலைஞராகிவிடவில்லை. சிக்மா, காமா என்ற இரண்டு புகைப்பட முகவைகளில் வேலை செய்து, 1979-இல் மேக்னத்தில் சேர்ந்தார். முகவைக்காரர்கள் சொன்ன இடத்துக்கெல்லாம் ஓடினார். 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் ரீகன் சுடப்பட்டபோது சல்காடோ அங்கே இருந்தார். ரீகன் பதவியேற்ற முதல் 100 நாட்களைப் படம் எடுக்கும் வேலைக்காகப் போயிருந்தார். அந்தச் சில நிமிடங்களில் எடுத்த படங்கள் உலகம் முழுக்க விற்றன. அந்தப் பணத்தில்தான் தன் சொந்தத் திட்டமாக ஆப்பிரிக்காவுக்குப் போக முடிந்தது. ஓர் அதிபர் மேல் பாய்ந்த குண்டு, பெயர் தெரியாத ஆப்பிரிக்கர்களைப் படம் எடுக்கச் செலவுக்குப் பணம் கொடுத்தது. இந்தத் தொழிலின் பொருளாதாரம் அப்படிப்பட்டது.

இன்னொன்றையும் நண்பர்கள் யாரும் சொல்வதில்லை. சல்காடோவின் பாதையில் பாதி லேலியாவுடையது. புத்தகங்களை வடிவமைத்ததும் கண்காட்சிகளை அமைத்ததும் அவர். 1994-இல் இருவரும் சொந்தமாக முகவை தொடங்கியபோது அதை நடத்தியதும் அவர். கணவர் மாதக்கணக்கில் வெளியே இருக்க, இரண்டு மகன்களோடு வீட்டில் இருந்தவரும் அவரே. அதில் ஒரு மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். 'எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிட்டார்' என்று நாம் புல்லரித்துச் சொல்லும்போது, எதையும் விட்டுவிட்டுப் போக முடியாமல் ஒருவர் பின்னால் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவர் மற்றவர்களிடமிருந்து வேறுபட்ட இடம் நேரம். 1984, 85-இல் சாஹேல் பகுதியில் பஞ்சம் வந்தபோது 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்போடு சேர்ந்து எத்தியோப்பியா, சூடான், சாட், மாலி என்று நெடுநாள் தங்கி வேலை செய்தார். 1986-இல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்துக்குப் போனார். அங்கே எடுத்த படங்களை ஒருமுறை பார்த்தவர்களால் மறக்க முடியாது. மாபெரும் குழி, செங்குத்தான ஏணிகள், அதில் எறும்பு வரிசை மாதிரி சேறு பூசிய மனிதர்கள், ஒவ்வொரு முதுகிலும் ஒரு மண்மூட்டை. ஏறக்குறைய 50,000 பேர் அந்தக் குழியில் உழைத்தார்கள். பிறகு வந்த 'தொழிலாளர்கள்' புத்தகத்துக்காக (1993) இந்தோனேசியாவின் காவா இஜென் எரிமலையில் கந்தகம் சுமப்பவர்களையும், தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைப்பவர்களையும், பற்றி எரிந்த குவைத் எண்ணெய்க் கிணறுகளை அணைத்தவர்களையும் எடுத்தார். ஆறு ஆண்டு வேலை.

படித்த பொருளாதாரத்தை அவர் விட்டுவிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. உற்பத்தி எப்படி நடக்கிறது, உழைப்பு எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று ஒரு பொருளாதார நிபுணர் அட்டவணையில் பார்ப்பதை அவர் கேமராவில் பார்த்தார். ஓர் எஞ்சினியராக அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. நாங்களும் முழு அமைப்பைத்தான் பார்ப்போம். இத்தனை பேர், இத்தனை மணி நேரம், இத்தனை கன மீட்டர் கான்கிரீட். அதில் ஆள் தனியாகத் தெரிய மாட்டார்.

சல்காடோ மேல் வந்த முதல் பெரிய குற்றச்சாட்டு அழகு பற்றியது. 1991-இல் இங்க்ரிட் சிஷி 'நியூ யார்க்கர்' இதழில் எழுதினார்: துன்பத்தை இவர் அழகாக்குகிறார், அழகு பார்வையாளரைச் செயல்படத் தூண்டாமல் ரசிக்க வைத்துவிடுகிறது. இது இன்றுவரை எல்லா விவாதத்திலும் வரும் வாதம். எனக்கு இதில் பெரிய உடன்பாடு இல்லை. ஏழையின் படம் மங்கலாக, கோணலாக இருந்தால்தான் நேர்மையானது என்பதில் ஒரு மறைமுகமான அவமதிப்பு இருக்கிறது. பணக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நல்ல ஒளி வேண்டும், பசித்தவருக்கு வேண்டாமா? பசியில் இருக்கும் ஒரு தாயின் முகத்தில் கம்பீரம் தெரிந்தால் அது பொய் என்று யார் முடிவு செய்வது? ஒரு படம் அழகாக இருப்பதால்தான் 40 ஆண்டு கழித்தும் நாம் அதன் முன்னால் நிற்கிறோம்.

இரண்டாவது குற்றச்சாட்டுக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 2003-இல் 'பிறர் வலியைக் கவனித்தல்' என்ற நூலில் சூசன் சொன்டாக், புலம்பெயர்வோரைப் பற்றிச் சல்காடோ 2000-இல் வெளியிட்ட படங்களை எடுத்துக்கொண்டு ஒரு எளிய விஷயத்தைச் சுட்டினார். படங்களின் கீழே நாடு இருக்கிறது, நிலைமை இருக்கிறது, ஆனால் படத்தில் இருப்பவரின் பெயர் இல்லை. புகழ்பெற்றவருக்கு மட்டும்தான் உலகம் பெயர் கொடுக்கிறது. மற்றவர்கள் தங்கள் தொழிலுக்கும் இனத்துக்கும் துயரத்துக்கும் மாதிரிகளாகச் சுருங்கிப் போகிறார்கள். ரீகனின் படத்துக்குக் கீழே ரீகன் என்று இருந்தது. அந்தப் பணத்தில் எடுத்த படங்களுக்குக் கீழே?

மலேசியத் தமிழ் வாசகருக்கு இது தூரத்து விவாதம் இல்லை. நாம் கேமராவுக்கு முன்னால் நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சிங்கப்பூரில் இயங்கிய ஜி. ஆர். லாம்பர்ட் மாதிரியான ஸ்டூடியோக்கள் ஐரோப்பியப் பயணிகளுக்கு 'உள்ளூர் மனித வகைகள்' என்று படங்களை விற்றன. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று வகைக்கு ஒன்று. பழைய தபால் அட்டைகளில் பால்மரத்துக்குப் பக்கத்தில் கத்தியோடு நிற்பவரின் கீழே 'தமிழ்க் கூலி' என்று அச்சாகியிருக்கும். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தோட்டத்துக் கிராணியின் செக்ரோலில் அது தினமும் எழுதப்பட்டது, சம்பளக் கணக்குக்கு வேண்டுமே. பிரட்டுக் களத்தில் தினமும் சத்தமாகக் கூப்பிட்ட பெயரைப் படம் எடுத்தவர் கேட்டுக்கொள்ளவில்லை. கணக்குக்குத் தேவைப்பட்ட பெயர் கேமராவுக்குத் தேவைப்படவில்லை.

சயாம் மரண ரயில் பாதைக்குப் போனால் இதன் கடைசி எல்லை தெரியும். தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் உள்ள போர்க் கல்லறையில் 7,000-க்கு அருகில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கற்கள், கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு. அதே பாதையில் மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு பெயர்வரிசை கிடையாது. பெயர் இல்லாமல் போனால் எண்ணிக்கையும் போய்விடும். எத்தனை பேர் என்று கேட்டால் இன்றும் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். அதனால் 'பெயர் போட்டா என்ன, போடாட்டி என்ன, படம்தானே முக்கியம்' என்று யாராவது சொன்னால் எனக்குச் சட்டென்று கோபம் வரும்.

பெயர் இல்லாத படத்தில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நன்கு அறியப்பட்ட உதாரணம் ஒன்று உண்டு. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிபோமோவில் பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் டொரத்தியா லாங் ஒரு தாயைப் படம் எடுத்தார். அரசு நிறுவனத்துக்காக வேலை செய்த நேரம் அது. சில நிமிடங்கள்தான் அங்கே இருந்தார். பெயர் கேட்கவில்லை. 'புலம்பெயர்ந்த தாய்' என்ற அந்தப் படம் ஒரு காலகட்டத்தின் முகமாகிவிட்டது. படம் பத்திரிகையில் வந்ததும் அரசாங்கம் அந்த முகாமுக்கு உணவு அனுப்பியது, ஆனால் அதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அவர் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பதும், அவர் செரோக்கி வம்சத்தைச் சேர்ந்தவர் என்பதும் உலகத்துக்குத் தெரிய 1978 ஆனது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை, அதை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் அப்போது சொன்னார்.

42 ஆண்டு! இதில் என்னைத் தைப்பது காசு இல்லை. அத்தனை காலமும் அவர் தன் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச வழி இல்லாமல் இருந்தது. பெயர் என்பது கௌரவத்துக்கு ஒட்டும் முத்திரை மட்டும் இல்லை. 'இது நான்தான், நீங்கள் சொல்வது சரி, இல்லை, தப்பு' என்று படத்தில் இருப்பவர் திரும்பிப் பேச அதுதான் கதவு.

இங்கே என் தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டுமானத் தளத்துக்கு இரும்புக் கம்பி வந்தால் ஒவ்வொரு கட்டிலும் ஒரு தகட்டு அடையாளம் தொங்கும். அதில் வார்ப்பு எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து ஆலைச் சான்றிதழை எடுத்தால் எந்த ஆலையில், எந்த உருக்கிலிருந்து வந்தது, எவ்வளவு இழுவிசை தாங்கும் என்று எல்லாம் தெரியும். கான்கிரீட் ஊற்றினால் மாதிரிக் கட்டிகள் எடுத்து, தேதியும் இடமும் எழுதி, ஏழாம் நாளும் 28-ஆம் நாளும் நசுக்கிப் பார்ப்போம். பல ஆண்டு கழித்து ஒரு தூணில் விரிசல் வந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போகலாம். அந்தக் கம்பியைக் கட்டியவர் யார் என்று கேட்டால்? அது எங்கேயும் இருக்காது. வங்காளதேசத்திலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்து கொங்சியில் தங்கியிருந்த ஒருவர். மாத அறிக்கைக்காக நாங்கள் எடுக்கும் நூற்றுக்கணக்கான படங்களில் அவர் இருப்பார். தலைக்கவசம் போட்டிருக்கிறார் என்று காட்டவும், சுவர் எவ்வளவு உயரம் என்று தெரியவும்.

தோட்டத்தில் நம் தாத்தா நின்ற இடத்தில் இப்போது அவர் நிற்கிறார். தாத்தாவைப் படம் எடுத்தவர் நின்ற இடத்தில் இப்போது நாம். வார இறுதியில் கேமராவோடு ஒராங் அஸ்லி கிராமத்துக்கும், ரொஹிங்கியாக்கள் இருக்கும் வட்டாரத்துக்கும், இடிக்கப் போகும் லயத்துக்கும் போகிற நண்பர்களுக்கு இந்த இடமாற்றம் தெரிகிறதா என்று சில சமயம் எனக்குச் சந்தேகம் வரும்.

சரி, அப்படியானால் எல்லாப் படத்துக்கும் கீழே பெயர் போட்டுவிட்டால் முடிந்ததா? முடியாது. நானே இதற்கு எதிராக யோசித்துப் பார்த்தேன். பெர்மிட் இல்லாத ஒருவரின் முகத்தோடு பெயரையும் போடுவது அவரைப் பிடித்துக் கொடுப்பதற்குச் சமம். புகழே ஆபத்தாகும் இடமும் உண்டு. 1984-இல் பாகிஸ்தான் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் ஆப்கானியச் சிறுமியின் படம் மறு ஆண்டு 'நேஷனல் ஜியாகிரஃபிக்' அட்டையில் வந்து உலகப் புகழ் பெற்றது. எடுத்தவரின் தொழில் அந்தப் படத்தால் வேறு உயரத்துக்குப் போனது. சிறுமியின் பெயர் ஷர்பத் குலா என்பது 17 ஆண்டு கழித்து, 2002-இல்தான் தெரியவந்தது. 2016-இல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் கைதானபோது, அது உலகச் செய்தியானது. அதே குற்றச்சாட்டில் கைதாகும் ஓர் அகதிப் பெண்ணை வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவரோ உலகமே பார்க்கக் கைதானார்.

சல்காடோவின் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் காட்ட நினைத்தது தனிமனிதர் ஒருவரின் கஷ்டத்தை இல்லை, அதை உண்டாக்கும் ஏற்பாட்டை. 50,000 பேர் இருக்கும் குழியில் ஒருவர் பெயரைப் போட்டால் பார்வையாளர் அந்த ஒருவருக்கு இரக்கப்பட்டுவிட்டுப் போய்விடலாம். அந்தக் குழியை யார் தோண்ட வைத்தார்கள் என்று கேட்காமலே. இந்த வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு வேறுபாடு தெளிவாகிறது. பெயரை அச்சிடுவது வேறு, பெயரை வைத்திருப்பது வேறு. அச்சிடலாமா என்பதை இடம் பார்த்து, ஆபத்துப் பார்த்து, முக்கியமாகப் படத்தில் இருப்பவரைக் கேட்டு முடிவு செய்யலாம். ஆனால் கேட்டுக்கொள்ளாமல் இருப்பதற்கு மட்டும் எந்தக் காரணமும் இல்லை. வார்ப்பு எண்ணைக் கட்டடத்தின் முகப்பில் யாரும் எழுதி வைப்பதில்லை. கோப்பில் இருக்கும். தேவைப்படும் நாளில் தேடிப் போக வழி இருக்கும். அது போதும். படம் எடுப்பவரின் நோட்டுப் புத்தகத்தில் பெயர், ஊர், தொடர்பு கொள்ள ஒரு வழி. எடுக்கப்பட்டவர் கையில் எடுத்தவரின் பெயரும் எண்ணும், முடிந்தால் படத்தின் ஒரு பிரதியும். இரண்டு பக்கமும் கயிறு கட்டப்பட்டிருக்க வேண்டும். 1936-இல் அந்தக் கயிறு இல்லாததால்தான் 42 ஆண்டு ஆனது.

இது ரொம்பச் சின்னத் தீர்வாகத் தெரியலாம். பெரிய தீர்வுகள் என்ன ஆயின என்று சல்காடோவின் வாழ்க்கையிலேயே பார்க்கலாம். ருவாண்டாவின் படுகொலைகளையும் அகதி முகாம்களையும் பார்த்தபின் அவர் உடலும் மனமும் நொறுங்கி, பிரேசிலில் அப்பாவின் வறண்ட பண்ணைக்குத் திரும்பினார். 1998-இல் லேலியாவோடு சேர்ந்து 'இன்ஸ்டிட்யூட்டோ தேர்ரா' என்ற அமைப்பைத் தொடங்கி அங்கே காடு வளர்த்தார். 20 லட்சத்துக்கும் மேல் மரங்கள். வற்றிய ஊற்றுகள் மீண்டும் வந்தன. மிகப் பெரிய காரியம், மனசார மதிக்கிறேன். ஆனால் அது மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தது. சாஹேலில் குழந்தையோடு நின்ற அந்தத் தாய்க்கு அது பதில் ஆகாது. பிறகு இயற்கையைப் பற்றிய 'ஜெனிசிஸ்' வந்தது. 2014-இல் சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்துக்கும் வந்த கண்காட்சி. அந்தத் திட்டத்துக்குப் பிரேசிலின் வாலே சுரங்க நிறுவனம் புரவலர். 2015 நவம்பரில், வாலே பாதிப் பங்கு வைத்திருந்த சமார்கோ நிறுவனத்தின் சுரங்கக் கழிவு அணை மரியானாவில் உடைந்தது. 19 பேர் இறந்தார்கள், சேறு ரியோ தோசே ஆறு முழுக்க ஓடியது. சல்காடோ காடு வளர்த்ததும் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில்தான்.

இதைச் சொல்வது அவரைக் கீழே இறக்க இல்லை. இவ்வளவு பெரிய மனிதராலும் பணத்தின் பாதையைச் சுத்தமாக வைத்திருக்க முடியவில்லை என்றால், நம்மில் யாராலும் முடியாது. நல்ல மனசு, சுத்தமான பணம், பெரிய லட்சியம் இதையெல்லாம் அளவுகோலாக வைத்தால் எல்லாருமே தோற்போம், தோற்றதும் 'எப்படியும் முடியாது' என்று கேட்க வேண்டியதையும் கேட்காமல் விடுவோம். பெயரைக் கேட்பதற்குப் புரவலர் வேண்டாம். ஒரு நிமிடம் ஆகும்.

கடைசியாக ஒன்று. 2021-இல் சல்காடோவின் 'அமசோனியா' வெளிவந்தது. அமேசான் காட்டின் பழங்குடிகளோடு பல பயணங்களில் தங்கி எடுத்த படங்கள். அதில் உள்ள முகப்படங்களில் பலவற்றுக்குக் கீழே பெயர் இருக்கிறது, இனக்குழு இருக்கிறது, கிராமம் இருக்கிறது. சொன்டாக் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 2004-லேயே இறந்துவிட்டார். அந்த விமர்சனம்தான் சல்காடோவை மாற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. படங்களின் அழகு துளியும் குறையவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். காடு அழிவதற்கான காரணமும் மறைந்துவிடவில்லை. பெயர் போட்டால் பெரிய படம் கலைந்துவிடும் என்ற வாதத்துக்கு அவருடைய புத்தகமே பதில் சொல்கிறது.

வேலையை விட்டது அந்தத் தொழில்பாதையின் முதல் அத்தியாயம். நாம் அதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு சுற்றியபின் வந்த இந்தப் புத்தகத்தின் படக்குறிப்புகளையும் யாராவது படிக்க வேண்டும். அங்கிருந்து தொடங்குகிறவருக்கு வேலையை விடணுமா வேண்டாமா என்பது அவ்வளவு அவசரமான கேள்வி இல்லை. நாளைக்குக் காலையில் சைட்டுக்குப் போகும்போதே தொடங்கலாம்: முதலில் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு படம்.